சதுரத்துக்குள் சாமந்தி

திருவண்ணாமலையில் பே கோபுரத்தை ஒட்டிய ஒரு சந்து. அங்கே ஒரு வீட்டில் மதியச் சமையல் முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் உல்லன் நூல் உருண்டைகளோடு வந்து உட்காருகிறார்கள். அவர்களில் மூத்தவர் விடியற்காலையில் பூக்கடைக்குச் சரம் கட்டிக் கொடுக்கிறவர். வாழைநாரில் பழகிய அவர் விரல்கள் குரோஷா ஊசியிலும் அதே வேகத்தில் ஓடுகின்றன.

பூ வைத்த சதுரம் எப்படி உருவாகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆறு சங்கிலி போட்டு வளையமாகச் சேர்க்கிறார். அதைச் சுற்றி ஒரு வரி. அதன்மேல் எட்டு இதழ்கள். இதழின் இரு ஓரத்திலும் குட்டைப் பின்னல், நடுவில் நீளப் பின்னல். மஞ்சள் நூலை அறுத்துவிட்டுப் பச்சையை எடுக்கிறார். இங்கேதான் வித்தை இருக்கிறது. பச்சை நூல் இதழ்களின் முதுகுப் பக்கமாகவே சங்கிலி சங்கிலியாக ஓடுகிறது. பூ அமுங்காமல் முன்னால் எழும்பி நிற்கிறது. அயர்லாந்தின் புகழ்பெற்ற குரோஷா ரோஜாவும் இப்படி எழும்பி நிற்பதுதான். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அந்நாட்டுப் பெண்கள் பலர் குரோஷா பின்னித்தான் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றினார்கள். இந்தச் சதுரத்திலோ, இதழ்களின் பின்னால் ஓடிய பச்சைச் சங்கிலி வளைவுகள் எட்டில் நான்கை மூலையாக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று நீளப் பின்னல், இரண்டு சங்கிலி, மறுபடி மூன்று நீளப் பின்னல் போட்டதும் வட்டம் சதுரமாகிவிடுகிறது.

நிறங்களைப் பூக்கூடையிலிருந்தே எடுக்கிறார்கள்: சாமந்தி, கனகாம்பரம், அரளி. அண்ணாமலையார் கோயிலின் தல மரமான மகிழத்தின் பூவையும் ஒரு பெண் முயன்றிருந்தார். பொடிப் பொடி இதழ்கள். தடித்த உல்லனுக்கு அடங்கவில்லை. மெல்லிய பருத்தி நூலில் பின்னியது அழகாக வந்திருந்தது. நான் பார்த்தவற்றில் அதுதான் ஆகச் சிறந்த வேலை.

கூலியைக் கேட்டபோது மூத்தவர், "பூன்னா முழத்துக்கு இவ்ளோன்னு சொல்லிடுவேன் கண்ணு. இதுக்கு என்னன்னு சொல்றது? வீட்ல சும்மா உக்காந்துதானே போடறேன்றாங்க" என்றார்.

அந்த 'சும்மா'வை அங்கேயே கணக்குப் போட்டோம். கை பழகியவருக்கும் இப்படி ஒரு சதுரத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஒரு போர்வைக்கு, வரிசைக்குப் பத்தாகப் பன்னிரண்டு வரிசை வைத்தால் 120 சதுரம், 60 மணி நேரம். ஒரு சதுரத்துக்கு மூன்று நிறம் என்றால் ஆறு நூல் முனைகள் தொங்கும். போர்வை முழுக்க 720. ஒவ்வொன்றையும் ஊசியில் கோத்துப் பின்னலுக்குள் மறைக்க வேண்டும். அதன் பிறகே சதுரங்களை இணைப்பது. முனை மறைப்பதற்கும் இணைப்பதற்கும் தங்களுக்குத் தனிக்கூலி கிடையாது என்றார்கள்.

இந்த அநீதி பழையது. ஆந்திராவின் நரசாபூரில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றிச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் பின்னியது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. பின்னியவர்களோ இல்லத்தரசிகள் என்றே எண்ணப்பட்டார்கள், உழைப்பு ஓய்வுநேர வேலையாகிப்போனது, லாபம் வியாபாரிகளிடம் தங்கியது. இத்தனைக்கும் துணி நெய்ய, ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. இந்தக் கைக்குரோஷாவைப் போட்டுத்தரும் இயந்திரம் சந்தையில் கிடையாது. கடையில் தொங்கும் ஒவ்வொரு சதுரமும் யாரோ ஒருவர் கையால் பின்னியது.

சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று மதர் இந்தியா'ஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் சதுரங்களை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். கைத்திறனுக்குக் குறைவில்லை. குறைவது கூலி.

கிரிவலம் வரும்போதோ ரமணாசிரமத்துப் பக்கக் கடைகளிலோ இப்படியொரு போர்வையைப் பார்த்தால், பின்பக்கத்தைத் திருப்பி நூல் முனைகள் ஒழுங்காக மறைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மறைந்திருந்தால் பேரம் பேசாதீர்கள். மொத்தமாக ஆர்டர் கொடுப்பவர்கள் சதுரத்துக்கு ஒரு கூலி, முனை மறைக்க ஒரு கூலி, இணைக்க ஒரு கூலி என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்.