பெட்டிக்குள் கிடக்கும் குளிசைகள்

2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்த பின்னர் மீளக்குடியேறிய வன்னிக் கிராமங்களில் பெண்களைச் சந்திப்பது எனது வேலை. கர்ப்பிணித் தாய்மார் இருக்கும் வீடுகளில் ஒரு விடயத்தை அடிக்கடி காண்கிறேன். கிளினிக்கில் இலவசமாகக் கொடுத்த குளிசைகள் பிரிக்கப்படாமலே தகரப்பெட்டிக்குள் கிடக்கும்.

கச்சான் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கும் ஒரு தங்கைக்கு ஐந்தாம் மாதம். பரிசோதனையில் இரத்தத்தின் ஹீமோகுளோபின் 9 கிராம். 11 கிராமுக்குக் குறைந்தால் கர்ப்பிணிக்குக் குருதிச்சோகை என்பார்கள்.

"குளிசை போட்டால் குமட்டுது அக்கா. கறுப்பாய் வெளிக்குப் போகுது. பிள்ளை பெருத்து, வெட்டித்தான் எடுக்கவேணும் எண்டும் சொல்லுகினம்" என்றாள்.

அவளது மாமியார் குறுக்கிட்டார். "நாங்கள் பங்கருக்குள்ள பெத்தனாங்கள். குளிசையே போட்டனாங்கள்?"

"உங்களோடு பெத்த எல்லாரும் தப்பினவையோ அம்மா?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "என்ர தங்கச்சி ரத்தம் போய்த்தான் செத்தவள்" என்றார்.

சகோதரிகளே, விடயம் இதுதான். பிரசவத்தில் எவருக்கும் இரத்தம் போகும். உடம்பில் இரத்தம் போதியளவு உள்ளவள் அதைத் தாங்குவாள். குருதிச்சோகை உள்ளவளுக்கு அதே இழப்பு உயிராபத்தாகலாம். குறைமாதப் பிரசவமும் நிறை குறைந்த குழந்தையும் குருதிச்சோகையோடு தொடர்புடையவை. இரும்புச்சத்துக் குளிசையால் பிள்ளை அளவுக்கு மிஞ்சிப் பெருப்பதில்லை. மலம் கறுப்பது அந்த இரும்பினாலேயே, பயப்பட வேண்டியதில்லை. குமட்டினால் இரவு படுக்கமுன் போடலாம்.

குளிசையைத் தேத்தண்ணியோடு போடாதீர்கள். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீர், நெல்லி, கொய்யா நல்லது. கல்சியம் குளிசையை வேறு நேரத்தில், சாப்பாட்டோடு போடுங்கள். பாலும் மீனும் குறைவாகச் சாப்பிடும் எம்மவருக்குக் கல்சியம் மிகவும் தேவை. கர்ப்பகாலத்தில் பிரஷர் கூடி வலிப்பு வரும் ஆபத்தை அது குறைக்கிறது. ஆனாலும் கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ, முகவீக்கம் வந்தால் குளிசையை நம்பியிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குளிசை மட்டும் போதாது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் எங்களிடம் உண்டு. நெத்தலி, பயறு, முருங்கையிலை சமைக்கும் நாளில் கர்ப்பிணியின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள்.

அந்த வீட்டில் இப்போது மாமியாரே இரவில் தண்ணீரும் குளிசையும் எடுத்துக் கொடுக்கிறார். அடுத்த பரிசோதனைகளில் ஹீமோகுளோபினும் கூடி வந்தது.

உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். குளிசை ஒத்துவராவிட்டால் ஒளிக்காமல் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். அவர் வழி காட்டுவார். யுத்தத்தில் தப்பி வந்த உயிர்கள் நாங்கள். பிரசவ அறையில் அதை இழக்கக்கூடாது.