நிறுவலின் முதல் திரையும் தமிழும்

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகளுக்குக் கள ஆய்வுக்காகச் செல்லத் தொடங்கிய பின், என் பையில் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு பென் டிரைவும் சேர்ந்துகொண்டது. மொழியைக் கேட்க வந்தவனிடம் ஆசிரியர்கள் கணினியையும் காட்டினர். அந்த வேலையில் கண்ட ஒன்று என் ஆய்வுக்கே உரியதாக அமைந்ததால் இங்கே பதிவு செய்கிறேன்.

கேரள அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமாகத் தொடங்கி 2017இல் 'கைட்' நிறுவனமாக மாறிய அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கென உருவாக்கித் தருகிறது. கணினிப் பாடநூல் மலையாளம், ஆங்கிலம் மட்டுமன்றித் தமிழிலும் கன்னடத்திலும் வெளிவருகிறது. நூலில் தமிழ் இருக்கிறது. கணினி விழித்தெழும் கணத்தில் தமிழ் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

ஒரே பென் டிரைவில் பல இயங்குதளங்களை வைத்துக்கொள்வது இன்று எளிது. 2020இல் வெளியான 'வென்டாய்' கருவியை ஒருமுறை நிறுவிவிட்டால், ஐ.எஸ்.ஓ. கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் போதும். சிக்கல் பெரும்பாலும் கணினியின் பக்கம்தான்: பழையவை பயாஸ் முறையிலும் புதியவை யு.இ.எஃப்.ஐ. முறையிலும் எழும், செக்யூர் பூட் இயங்கினால் வென்டாயின் சாவியை முதலில் பதிவு செய்ய வேண்டும், ஃபேட்32 வடிவில் 4 ஜி.பி.யை எட்டும் கோப்பு அடங்காது.

ஓர் ஆய்வகம் முழுமைக்கும் நிறுவுவதென்றால் வலைப்பின்னல்வழித் தொடக்கமே தக்கது. வட்டில் ஒன்றுமில்லாத கணினி, தனக்கு முகவரியே இல்லாத நிலையில், 0.0.0.0 என்ற இடத்திலிருந்து அனைவரையும் நோக்கிக் குரல் கொடுக்கிறது. 'நான்' என்று சுட்டிக்கொள்ள இயலாத ஒருவரின் கூற்று அது. வழங்கி அதற்கு முகவரியையும், அடுத்து எடுக்க வேண்டிய கோப்பின் பெயரையும் சொல்லும். வீட்டு வகை ரௌட்டர் முகவரியை மட்டும் கொடுத்துக் கோப்பின் பெயரைச் சொல்லாது விட்டால் கணினி அங்கேயே நின்றுவிடும். அப்போது ரௌட்டரை அகற்ற வேண்டியதில்லை, டி.என்.எஸ்.மாஸ்க் மென்பொருளைப் பதிலி முறையில் இயக்கினால், விடுபட்ட அந்த ஒரு தகவலை மட்டும் அது சேர்த்துச் சொல்லும். கோப்பைக் கொணரும் டி.எஃப்.டி.பி. நெறிமுறை இயல்பாக 512 பைட்டுகளை அனுப்பி, ஒப்புகை வந்த பின்னரே அடுத்ததை அனுப்பும். ஆகவே தொடக்கக் கோப்பை மட்டும் அதன்வழி பெற்று, மீதியை ஐ.பி.எக்ஸ்.இ. துணையுடன் எச்.டி.டி.பி. வழியே இறக்குவது விரைவு.

ஒரு பள்ளியில் பழைய கணினிகளில் இவ்வாறு டெபியனை நிறுவினோம். நிறுவலைத் தமிழிலேயே மாணவர்களுக்குக் காட்ட ஆசிரியர் விரும்பினார். டெபியன் நிறுவிக்குத் தமிழாக்கம் உண்டு. ஆயினும் திரையில் வந்த மொழிப்பட்டியலில் தமிழ் இல்லை; மலையாளமும் இல்லை. இரண்டும் வரைகலை முகப்பில் மட்டுமே கிடைக்கும்; எங்களுக்கு வந்ததோ எழுத்து முகப்பு.

காரணம் எழுத்தின் இயல்பில் இருக்கிறது. எழுத்து முகப்பு ஒவ்வொரு குறிக்கும் சம அகலக் கட்டம் ஒதுக்கி, சேமித்த வரிசையிலேயே காட்டும். யூனிகோடில் 'கெ' என்பதில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படும். திரையில் கொம்பு முன்னால் நிற்க வேண்டும். 'கொ' என்பதில் ஒரே உயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் ஏற்பாடு அந்த முகப்பில் கிடையாது. வழங்கியில் வரைகலை நிறுவிக்குரிய கோப்புகளை வைத்ததும் தமிழ் பட்டியலில் வந்தது.

தமிழாக்கம் செய்தவர்களின் உழைப்பு வீணாகவில்லை. பள்ளியை எட்டும் வழிதான் அடைபட்டிருந்தது. ஒருமுறை அமைத்த படிமமே எல்லாக் கணினிகளுக்கும் நகலாகிறது. முன்விடைக் கோப்பில் மொழிக்கென உள்ள ஒரு வரி, ஆய்வகம் முழுவதன் மொழியையும் தீர்மானிக்கிறது. அதில் விடுபட்டது எங்கும் விடுபடும்.

சிறுபான்மை மொழிக்கல்வியை ஆராயும் நண்பர்கள் பாடநூலோடு நின்றுவிடாமல், ஆய்வகக் கணினி எந்த மொழியில் எழுகிறது, தமிழ்99 அல்லது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை இயல்பாகவே இருக்கிறதா என்பதையும் களக்குறிப்பில் சேர்க்க வேண்டுகிறேன்.