வேப்பேரிக்குப் போன பூனை

சென்ற மாதம் மாம்பலத்தில் நாத்தனார் வீட்டில் தங்கியிருந்தபோது, அவளுடைய பூனையைக் கூடையில் வைத்து, ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். 1903ல் ஆரம்பித்த கல்லூரி. பக்கத்தில் நாய்கள் குரைக்க, கூடைக்குள் நம்ம ஆள் மூச்சுக்கூட விடவில்லை!

ஓயாமல் தண்ணீர் குடித்து இளைத்துப் போயிருந்த பூனைக்குச் சர்க்கரை வியாதியாம். பூனை மாமிசம் தின்னப் பிறந்த பிராணி. சோறு, பால், பிஸ்கட் எல்லாம் ஆகாது என்றார் டாக்டரம்மா. வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன் கொடுக்கலாம். உப்பு, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. அவர் எழுதித் தரும் சத்து மருந்தையும் கலக்கணும். டின் உணவு வாங்கினால் மாவுச்சத்து குறைந்ததாகப் பார்க்கணும். பட்டினி போட்டால் ஈரல் கெட்டுவிடும். முக்கியமாக, சகோதரிகளே, சாப்பாட்டை மாற்றும்போது டாக்டரைக் கேட்டு இன்சுலின் அளவையும் சரிபார்க்கணும். இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து.

நாத்தனார் வீட்டில் முட்டைகூட நுழையாது. தயிர்சாதத்தில் வளர்ந்த பூனை அது. "என்ன மன்னி பண்றது?" என்று கண் கலங்கினாள். மொட்டை மாடியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று முடிவாயிற்று. திரும்பும் வழியில் சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்கும் இடத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முள் குறைந்த மீன் எது என்று அவளே விசாரித்தாள்.