பித்தமும் மனமும்

மனக்கஷ்டத்துக்கு உடம்பில் காரணம் தேடுவது நமக்குப் புதிதன்று. "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்பார் என் பாட்டி. பைத்தியம் என்ற சொல்லே பித்தத்திலிருந்து பிறந்ததுதான். பிறகு விளம்பரங்களின் புண்ணியத்தில் 'நரம்புத் தளர்ச்சி' வந்தது. இப்போது 'மூளையில் ரசாயனக் குறைவு' என்கிறோம்.

இதனால் நன்மையும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் மாண்டதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேய், செய்வினை என்று கட்டிப் போடுவதைவிட, வியாதி என்று வைத்தியம் பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் ஷார்ஜாவில் எனக்குத் தெரிந்த ஒரு தஞ்சாவூர்க்காரரின் விஷயம் வேறு. கட்டட வேலையில் ஃபோர்மேன். தங்கை கல்யாணக் கடன். ஊருக்குப் போய் மூன்று வருஷம். ஓர் அறையில் ஆறு பேர். தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்து, வாரம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகவும் சொன்னார். மாத்திரையைத் தவறாமல் விழுங்கினார், பேசப் போகவில்லை. "மூளையில என்னமோ குறைச்சல் அண்ணே, பேசி என்ன ஆகப் போவுது?" லீவு நாளில் கடற்கரைக்கு நடப்பதையும், வீட்டுக்குப் போன் செய்வதையும்கூட விட்டுவிட்டார்.

அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி, 2014-ல் வெளியானது. மனச்சோர்வு கண்ட மாணவர்களுக்கு ஒப்புக்கு ஒரு பரிசோதனை செய்து, சிலரிடம் மட்டும் "ரசாயனக் கோளாறுதான் காரணம்" என்றார்கள். தம்மைத் தாமே நொந்துகொள்வது அவர்களுக்குக் குறையவில்லை. குணமாகாது, மனசை நம்மால் சமாளிக்க முடியாது என்ற எண்ணம்தான் மற்றவர்களைவிட அதிகமாயிற்று. செரோடோனின் குறைவுதான் சோர்வுக்குக் காரணம் என்பதற்கே உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அதற்காக மாத்திரை வீண் என்று அர்த்தமில்லை. டாக்டரைக் கேளாமல் திடீரென நிறுத்துவது ஆபத்து.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை. அவர் தொழிலிலிருந்தே கேட்டேன். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெளிவேலை கூடாது என்பது இங்கே சட்டம். "வெயிலில் ஒருத்தன் மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்?" "நிழலுக்குத் தூக்கிட்டுப் போவோம், உப்புத் தண்ணி கொடுப்போம்." "உப்புக் குறைந்தது உண்மைதானே, நிழல் எதற்கு?" அவர் பதில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். அசல், வட்டி, யாருக்கு எவ்வளவு என்று இரவு பதினொரு மணி வரை கூட்டினோம். அவர் பயந்துகொண்டிருந்ததைவிடத் தொகை குறைவாகவே வந்தது. டாக்டரிடம் பேசவும் இப்போது போகிறார், மாத்திரையும் தொடர்கிறது.