கரிசல் காட்டில் மெரிடியனைத் தாண்டுவது

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற வழியில், புஞ்சை ஓரமாகத் தொலைநோக்கி போட்டுப் படம் எடுக்கக் கிளம்புகிற தம்பி தங்கைகளுக்கு: வானத்துக்கு முன்னால் மண்ணைப் பாருங்கள். கரிசல் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். முக்காலியின் ஒரு கால் ஒரு நூல் இறங்கினாலும் துருவ நட்சத்திரத்துக்குப் பிடித்த நேர் போய்விடும். காலுக்கு அடியில் கடப்பாக்கல் துண்டு வையுங்கள்.

கோவில்பட்டி அட்சரேகை 9 பாகைதான். துருவ நட்சத்திரம் அடிவானத் தூசியில் மங்கிக் கிடக்கும். அதை நோக்கி நிற்கும் தொலைநோக்கித் தாங்கியின் அச்சும் ஏறக்குறையப் படுத்துவிடுவதால் எதிர்எடை வடக்குக் காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி, வடக்கே இரண்டு காலுக்கு நடுவில் இடைவெளி வரும்படி நிறுத்துவேன்.

ஜனவரிக் கடைசியில், இரவு ஒன்பதரை வாக்கில் ஓரியன் நெபுலா மெரிடியனைத் தாண்டும். உச்சி வழியாக வடக்கு தெற்காக ஓடும் கோடு அது. நமக்கு 75 பாகை உயரம், கிட்டத்தட்டத் தலைக்கு மேல். அந்த நேரம் கேமரா முக்காலியை உரசப் பார்க்கும். குழாயை மறுபக்கம் புரட்டி, மறுபடி குறிவைத்துத்தான் தொடர வேண்டும். படம் தலைகீழாக வரும். அடுக்கும் மென்பொருள் அதைச் சரிசெய்துவிடும். கேபிள் மாட்டுகிறதா என்று மட்டும் இருட்டுவதற்கு முன்பே ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு இந்தப் புரட்டும் பாடே இல்லை, அது லாட வடிவத் தாங்கி.

துருவ நட்சத்திரம் தாழ்ந்து கிடந்தாலும், நம் தெற்கு வானம் எவ்வளவு பெரிய கொடை! ஒமேகா சென்டாரி என்னும் நட்சத்திரக் கொத்து இங்கே 33 பாகை ஏறுகிறது. லண்டனில் அது உதிப்பதே இல்லை.