ஒப்புதலுக்குக் காத்திருக்கும் திருத்தம்

மைசூருவில் 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்கிவருகிறது. அந்நகரில் மொழியியல் பயிலும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தமிழ்ச் சொற்களின் எழுத்துகளை எண்ணித் தரும் கட்டற்ற மென்பொருள் ஒன்று, ‘கொடி’ என்னும் சொல்லில் நான்கு எழுத்துகள் இருப்பதாகக் காட்டுகிறது. ஒருங்குறியில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி இடம் இருப்பதால் நேரும் பிழை அது. மாணவர் ஐந்தாறு வரிகளில் அதைத் திருத்தி, மென்பொருளைப் பேணுவோருக்கு அனுப்புகிறார். சோதனை தொடங்கவில்லை, பேணுநரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.

வரும் திருத்தம் ஏற்கெனவே இயங்குபவற்றைக் கெடுக்கிறதா என்று கணினியே தானாகச் சரிபார்ப்பதற்குத் தொடர் ஒருங்கிணைப்பு என்று பெயர். மூன்று இயங்குதளங்கள், ஐந்து பைத்தான் பதிப்புகள் என்றால், ஒரு திருத்தத்துக்கே 15 பணிகள். கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் ஒரே நேரத்தில் 20 பணிகள் வரைதான் ஓடும். இரண்டாம் திருத்தம் வந்ததுமே வரிசை உருவாகிவிடும்.

இந்தக் கணினி நேரத்தை நிறுவனங்கள் நெடுங்காலம் கொடையாகவே அளித்தன. கிரிப்டோ நாணயம் அகழ்வோர் அக்கொடையைச் சுரண்டத் தொடங்கியதும் நிலை மாறியது. 2020 நவம்பரில் டிராவிஸ் சிஐ தன் எல்லையற்ற இலவசச் சேவையை விலக்கி, 10,000 புள்ளிகளை மட்டும் வழங்கியது. லினக்ஸில் அது 1,000 நிமிடங்களுக்குத்தான் காணும். 2021 ஏப்ரலில் கிட்ஹப், முதன்முறை பங்களிப்போரின் சோதனைகளுக்குப் பேணுநரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. மே மாதத்தில் கிட்லேப், தன் பொதுக் கணினிகளைப் பயன்படுத்த விரும்பும் புதிய இலவசப் பயனர்களிடம் கடன் அட்டை அல்லது பற்று அட்டை எண்ணைக் கேட்டது.

இவற்றில் எதுவும் நியாயமற்றதன்று. ஆயினும், திருடனுக்காகப் போட்ட பூட்டு முதலில் தடுத்தது புதிதாய் வந்த விருந்தினரைத்தான். இந்தியாவில் 2020 மார்ச் 16 முதல் வழங்கப்படும் வங்கி அட்டைகளில் இணையப் பயன்பாடும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் தொடக்கத்தில் மூடியே இருக்கும். அட்டைக்காரரே அவற்றைத் திறந்துகொள்ள வேண்டும். அட்டை எண் கேட்பது சிறு செயலாகத் தோன்றலாம். மாணவருக்கு அது மற்றொரு வாசல்.

எனவே, கணினி நிமிடங்களைச் சேமிப்பது பேணுநரின் கடமையில் பாதிதான். அதற்கு வழிகள் உண்டு. புதிய திருத்தம் வந்ததும் பழையதன் சோதனையை நிறுத்திவிடலாம். ஆவணம் மட்டும் மாறியிருந்தால் சோதனையைத் தவிர்க்கலாம். ஒரே பதிப்பில் சிறு சோதனையை முதலில் ஓட்டி, அது தேறிய பின்பே மற்றவற்றைத் தொடங்கலாம். முழுச் சோதனையை இரவுக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். பங்களிப்பாளர் தம் கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பதற்கான கட்டளையையும் வழிகாட்டியில் எழுதிவைக்கலாம்.

மறுபாதி, காத்திருப்பவரைக் காக்க வைக்காமை. ஒப்புதல் தருமுன் சோதனைக் கோப்புகளில் ஐயத்துக்குரிய மாற்றம் உண்டா என்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும். ஒப்புதல் கிடைக்காத சோதனை 30 நாள்களில் கிட்ஹப்பில் தானாகவே நீக்கப்படுகிறது. அதற்குள் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால், ‘கொடி’யில் நான்கு எழுத்துகள் என்ற பிழை அப்படியே நிற்கும். அதைக் கண்டுபிடித்தவர் அடுத்த பிழையைக் காணும்போது திருத்த முன்வருவாரா என்பது ஐயமே.