விரலில் ஒரு கணக்குப்பிள்ளை

கடந்த வருடம் என் இரத்தத்தில் சீனியின் அளவு எல்லையைத் தொட்டு நின்றது. அம்மாவுக்கு நாற்பது வயதில் வந்த வருத்தம் அது. பயத்தில்தான், முப்பத்தாறு வயதில், வெள்ளவத்தைத் தடாகமொன்றில் பெண்களுக்கென ஒதுக்கிய நேரத்தில் நீச்சல் பழகினேன்.

தடாகம் 25 மீற்றர். கரைக்குக் கரை 20 தடவை நீந்தினால் அரைக் கிலோமீற்றர். "அரைக் கிலோமீற்றர் நீந்துறன்" என்று வீட்டில் பெருமையடித்தேன். அம்மா விடவில்லை. "வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினவர், தெரியுமே?" அவருக்கென்ன, கடலில் எண்ணுவதற்குச் சுவர் இல்லை!

எனக்குச் சுவர் இருந்தும் எண்ணிக்கை தவறியது. தலை தண்ணீருக்குள் போனதும், கொட்டாஞ்சேனையில் அன்று சந்தித்த குடும்பத்தின் பிரச்சினையும் கூடவே வந்துவிடும். ஒன்பதா, பத்தா? சந்தேகம் வந்தால் பத்து என்றே வைத்துக்கொள்வேன்.

நீச்சல் பழக்கிய அக்கா ஒருநாள் தனது எண்ணும் கருவியைத் தந்தார். மோதிரம் போல சுட்டுவிரலில் மாட்டுவது. சுவரைத் தொடும்போது பெருவிரலால் பொத்தானை அழுத்தினால் எண்ணிக்கை ஒன்று கூடும்; ஒவ்வொரு தடவைக்கும் எடுத்த நேரமும் பதிவாகும். அன்று என் மனக்கணக்கில் 20 ஆனபோது கருவியில் 16.

"அமத்த மறந்திட்டன் அக்கா" என்றேன். அவர் நேரங்களை வரிசையாகக் காட்டினார். அழுத்த மறந்திருந்தால் அந்த இடத்தில் நேரம் இரட்டிப்பாக இருக்குமாம். பதினாறும் ஏறக்குறைய ஒரே அளவு. இத்தனை மாதமாக நான் நீந்தியது 400 மீற்றர்தானோ என்னவோ.

வெட்கமாகிவிட்டது. மக்கள் தம் பழக்கங்களைக் கேட்பவருக்குப் பிடித்தமாதிரிக் கூட்டிச் சொல்வார்கள் என்று சமூகவியலில் படித்தவள் நான். கேட்க யாருமில்லாத தண்ணீருக்குள் எனக்கு நானே கூட்டிச் சொல்லியிருக்கிறேன்.

வீடுகளுக்குப் போகும்போது, சீனி வருத்தக்காரப் பெண்களிடம் "கிழமைக்கு எத்தனை நாள் நடக்கிறீங்கள்?" என்பதுதான் எங்கள் படிவத்துக் கேள்வி. "ஐந்து நாள்" என்பார்கள், எழுதிக்கொண்டு வருவேன். போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஓர் அம்மாவிடம் மாற்றிக் கேட்டேன்: "நேற்று எங்கை நடந்தனீங்கள் அம்மா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நேற்று எங்கை பிள்ளை, பேரனுக்குக் காய்ச்சல். அதுக்கு முதல்நாளும் இல்லை" என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, ஏன் நடக்க முடிவதில்லை என்று அரைமணி நேரம் கதைத்தார்.